கடைவிளக்கின் கண்: இருட்டு தெரியும், ஆள் தெரியாது

மாணவர்களே, காலை 11 மணி வாக்கில் உங்கள் ஊர்க் கடைவரிசைப் பக்கம் போக நேர்ந்தால் கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள். பெயர்ப்பலகைக்கு மேலேயோ, கார் நிறுத்துமிடத்தைப் பார்த்த சுவரிலோ பொருத்தியிருக்கும் விளக்குகளில் சில எரிந்துகொண்டிருக்கும். வெயில் கொளுத்தும் நேரத்தில் விளக்கு எரிவதே கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. அதனால்தான் அதை யாரும் கவனிப்பதில்லை, அணைப்பதும் இல்லை.

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு கடைவரிசையில் 50 வாட் எல்இடி விளக்குகள் 12 இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 600 வாட். அவை காலை 7 மணிக்கு அணைய வேண்டியவை, 11 மணிக்குத்தான் அணைகின்றன. நான்கு மணி நேரத்துக்கு 2.4 யூனிட், அதாவது 2.4 கிலோவாட்-மணி மின்சாரம் வீண். ஓர் ஆண்டுக்கு 876 யூனிட். 75 வாட் கூரை மின்விசிறி ஒன்றை இந்த மின்சாரத்தில் ஓராண்டு நான்கு மாதம் நிற்காமல் சுழல வைக்கலாம். உங்கள் வீட்டு மின்கட்டண ரசீதில் மாதம் எத்தனை யூனிட் என்று பார்த்து இதனோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். இந்த 12 விளக்குகளை மறந்துவிட வேண்டாம். பின்னால் இவற்றிடம் மறுபடியும் வருவோம்.

காலை 11 மணிவரை அவை ஏன் எரிகின்றன? பெரும்பாலும் காரணம் பழைய டைமர். மின்பெட்டிக்குள் வட்டமான முகப்போடு மெல்லச் சுற்றும் கருவி அது. மாலை 7 மணிக்குப் போடு, காலை 7 மணிக்கு அணை என்று அதில் குறித்துவிடுவார்கள். மலிவான டைமருக்குள் மின்கலம் இருக்காது. மின்தடை ஏற்பட்டால் அதுவும் நின்றுவிடும். மின்சாரம் திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து சுற்றத் தொடங்கும். இரண்டு மணி நேரம் மின்சாரம் போயிருந்தால் அதன் ‘7 மணி’ இனி 9 மணிக்குத்தான் வரும். இப்படி இரண்டு முறை நடந்தால் 11 மணி ஆகிவிடும். யாராவது பெட்டியைத் திறந்து முகப்பைத் திருப்பிவிடும்வரை அந்தக் கடைக்கு அதுதான் விடியல்.

இங்கே ஒரு சுவையான கேள்வி எழுகிறது. நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். லண்டனில் ஜூன் மாதம் இரவு 9 மணிக்கு மேல் சூரியன் மறையும். டிசம்பரில் மாலை 4 மணிக்கே மறைந்துவிடும். அங்கே டைமரை ஆண்டு முழுவதும் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். கோலாலம்பூரிலோ சூரியன் மறையும் நேரம் நவம்பரில் 7 மணிக்குச் சற்று முன்பு, பிப்ரவரியில் ஏறக்குறைய 7.30. ஆண்டு முழுவதற்கும் அரை மணி நேர வித்தியாசம்தான். அப்படியானால் மின்கலம் வைத்த நல்ல டைமர் ஒன்று போதாதா? ஒளியுணரி எதற்கு?

நியாயமான கேள்விதான். கோலாலம்பூரில் ஒரே ஒரு கடை வைத்திருப்பவருக்கு நல்ல டைமரே பெரும்பாலான நாள்களில் போதும் என்பேன். ஆனால் அதே முதலாளிக்குக் கோத்தா கினபாலுவிலும் ஒரு கிளை இருக்கட்டும். பூமி ஒரு பாகை திரும்ப 4 நிமிடம் ஆகும். இரு நகரங்களுக்கும் இடையே தீர்க்கரேகையில் 14 பாகைக்கு மேல் வித்தியாசம். அதனால் கோத்தா கினபாலுவில் சூரியன் ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்னதாகவே மறைந்துவிடும். 1982 ஜனவரி 1 முதல் தீபகற்பமும் சபா, சரவாக்கும் ஒரே கடிகார நேரத்தில் இயங்குகின்றன. சூரியனுக்கு அந்த ஏற்பாடு தெரியாது. கோலாலம்பூருக்குச் சரியான டைமர் அங்கே ஒரு மணி நேரம் வாடிக்கையாளர்களை இருட்டில் நிறுத்தும்.

இன்னொன்று நம் மழை. மாலை 5 மணிக்கே வானம் கறுத்து இடியும் மின்னலுமாகக் கொட்டும் நாள்கள் எத்தனை! அந்த நேரத்தில் கார் நிறுத்துமிடத்தில் குடையோடு நடப்பவருக்கு வெளிச்சம் வேண்டும். டைமர் வானத்தைப் பார்ப்பதில்லை. ஒளியுணரி பார்க்கும்.

கடலடிக் கம்பியில் கிடைத்த கண்

வயர்மேன்கள் இதைப் ‘போட்டோசெல்’ என்பார்கள். விரல் நகம் அளவுள்ள அதன் உள்பாகத்துக்குப் பின்னால் நம் மண்ணோடு தொடர்புள்ள ஒரு கதை இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் கடலுக்கடியில் தந்திக் கம்பி போட்டார்கள். உப்புநீர் கம்பியைத் தொடாமல் காக்க ஓர் உறை தேவைப்பட்டது. அதற்கு உதவியது மலாயாக் காடுகளில் வளர்ந்த ஒரு மரத்தின் பால். வெந்நீரில் இளகி, ஆறியதும் இறுகும் அந்தப் பொருளுக்குக் ‘கெத்தா பெர்ச்சா’ என்று பெயர். அதன் மாதிரிகள் 1840களில் சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்குப் போயின. அதன்பின் அந்தப் பாலுக்காக வெட்டிச் சாய்க்கப்பட்ட மரங்களுக்கு அளவில்லை.

இப்படி உறையிட்ட கடற்கம்பிகளைச் சோதிக்கும் பணியில் இருந்தவர் வில்லோபி ஸ்மித் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். சோதனைக்கு மிக அதிக மின்தடை உள்ள ஒரு பொருள் அவருக்குத் தேவைப்பட்டது. செலீனியம் துண்டுகளைப் பயன்படுத்தினார். ஆனால் அளவு நிலையாக நிற்கவில்லை. ஒருமுறை ஒன்று, மறுமுறை வேறொன்று. கடைசியில் காரணம் தெரிந்தது: செலீனியம் வைத்திருந்த பெட்டியின் மூடி. மூடியிருந்தால் மின்தடை ஏறியது. திறந்து வெளிச்சம் பட்டால் இறங்கியது. இதை அவர் 1873இல் அறிவித்தார். கம்பியைச் சோதிக்கப் போன இடத்தில், ஒளியைப் பார்க்கும் பொருள் கிடைத்துவிட்டது.

விளக்குகளில் நெடுங்காலம் பயன்பட்டது காட்மியம் சல்பைடு என்ற பொருள். இருட்டில் அதன் எலக்ட்ரான்கள் அணுக்களோடு கட்டுண்டு கிடக்கும். மின்சாரம் பாய வழி இருக்காது. ஒளி படும்போது அதன் ஆற்றலைப் பெற்று எலக்ட்ரான்கள் விடுபடும். இருட்டில் பத்து லட்சம் ஓமுக்கு மேல் இருந்த மின்தடை, நல்ல வெளிச்சத்தில் சில ஆயிரம் ஓமுக்கோ அதற்கும் கீழோ இறங்கிவிடும். காட்மியம் நச்சு உலோகம் என்பதால் இப்போது பல கருவிகளில் அதற்குப் பதில் சிலிக்கான் உணரி வந்துவிட்டது.

பழைய போட்டோசெல்லின் உட்புற அமைப்பு எனக்கு மிகவும் பிடித்தது. பகல் வெளிச்சத்தில் உணரி வழியே பாயும் மின்சாரம் ஒரு சிறு சூடேற்றியைச் சூடாக்கும். அதன் பக்கத்தில் ஈருலோகப் பட்டை இருக்கும். இரண்டு உலோகங்களும் வெவ்வேறு அளவில் விரிவதால் பட்டை வளையும்; வளைந்து விளக்குக்குப் போகும் இணைப்பைத் திறந்துவிடும். விளக்கு அணையும். இருட்டியதும் சூடேற்றி ஆறும், பட்டை நிமிரும், இணைப்பு மூடும், விளக்கு எரியும். அறிவியல் வகுப்பில் படித்த அதே பட்டைதான்.

இதில் இரண்டு நன்மைகள் உண்டு. பட்டை சூடாகக் கொஞ்ச நேரம் பிடிப்பதால், இரவில் ஒரு மின்னல் வெட்டினாலோ கார் விளக்கு ஒன்று அடித்துச் சென்றாலோ இது ஏமாறாது. இடிமின்னல் அதிகமுள்ள நம் நாட்டில் அந்தத் தாமதம் இல்லையென்றால் மழை இரவுகளில் விளக்குகள் கண் சிமிட்டிக்கொண்டே இருக்கும். அடுத்தது, உணரி பழுதானால் சூடேற்றிக்கு மின்சாரம் வராது. ஆகவே விளக்கு எரிந்தபடியே நிற்கும். வேண்டுமென்றே செய்த ஏற்பாடு அது. பகலில் வீணாக எரியும் விளக்கு பணத்தைத்தான் தின்னும். இரவில் எரியாத விளக்கு படிக்கட்டில் ஒருவரைத் தள்ளிவிடும். ஆகவே பட்டப்பகலில் எரியும் விளக்குக்கு டைமரே எப்போதும் காரணமல்ல. பழுதான போட்டோசெல்லாகவும் இருக்கலாம்.

எங்கே பொருத்துவது என்பதுதான் வேலை

உணரியின் விலை பெரிதல்ல. அதைப் பொருத்தும் இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். முதலில் சில அளவுகள். ஒளி விழும் அளவை லக்ஸ் என்ற அலகில் சொல்வார்கள். நண்பகல் நேரடி வெயில் ஏறக்குறைய 100,000 லக்ஸ். வகுப்பறை மேசை 300 லக்ஸ் அளவில் இருக்கும். சூரியன் மறையும் நேரத்தில் திறந்தவெளியில் சில நூறு லக்ஸ். 21 நிமிடம் கழித்து 3 லக்ஸ் அளவுதான். முழுநிலவு ஒரு லக்ஸில் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டாது. வெளிவிளக்கு உணரிகள் பொதுவாக 10 முதல் 20 லக்ஸ் அளவில் விளக்கைப் போடும்.

நம் ஊரில் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குவதால் அந்தி குறுகியது. லண்டனில் ஜூன் மாதம் இதே அளவு இருட்ட முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். இங்கே ஒவ்வொரு பத்து நிமிடத்திலும் வெளிச்சம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகக் குறைந்துகொண்டே போகும். அதனால் உணரியை 10 லக்ஸுக்கு வைத்தாலும் 20 லக்ஸுக்கு வைத்தாலும் விளக்கு எரியும் நேரம் மூன்று நிமிடம்தான் மாறும். அதன் மூடியில் தூசி படிந்து பாதி வெளிச்சத்தை மறைத்தாலும் அதே மூன்று நிமிடம்தான். எண்ணைப் பற்றி மணிக்கணக்கில் விவாதிக்க வேண்டியதில்லை.

இடம் அப்படியல்ல. நம் கடைவீடுகளின் அஞ்சடியை எண்ணிப் பாருங்கள். மேல்மாடி நடைபாதைக்குக் கூரையாக நீண்டிருக்கும். மழை படாது, ஏணி போடவும் எளிது என்று உணரியை அந்தக் கூரைக்குக் கீழே மாட்டிவிடுவார்கள். உள்மூலையில் வெளிவெளிச்சத்தின் நூறில் ஒரு பங்குதான் விழுகிறது என்று வையுங்கள். வெயில் நேரத்தில் வெளியே 100,000 என்றால் உள்ளே 1,000, பிரச்சினை இல்லை. ஆனால் மழைமேகம் சூழ்ந்து வெளியே 2,000 லக்ஸ் ஆகும்போது உள்ளே 20. பிற்பகல் 3 மணிக்கே ‘இரவு வந்துவிட்டது’ என்று உணரி முடிவு செய்துவிடும். வெளியே தெளிவாகப் படிக்கும் அளவுக்கு வெளிச்சம் இருக்கும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: உணரி தன் சொந்த விளக்கையே பார்ப்பது. இருட்டுகிறது, விளக்கு எரிகிறது. அந்த வெளிச்சம் உணரியின் மேல் விழுகிறது. விடிந்துவிட்டது என்று எண்ணி அது விளக்கை அணைக்கிறது. மறுபடி இருட்டு, மறுபடி விளக்கு. இரவெல்லாம் இந்தக் கூத்துதான். பக்கத்துக் கடையின் பெரிய எல்இடி விளம்பரத் திரையும் இப்படியே ஏமாற்றும். அதன் எதிரே மாட்டிய உணரிக்கு இரவே வராது.

இந்தத் தடுமாற்றத்தைக் குறைக்க ஒரு வழி இருக்கிறது. போடுவதற்கு ஓர் எல்லை, அணைப்பதற்கு அதைவிட உயர்ந்த வேறோர் எல்லை. 10 லக்ஸுக்குக் கீழே இறங்கினால் போடு. 30 லக்ஸைத் தாண்டினால்தான் அணை. இடைப்பட்ட பகுதியில் எது இருந்ததோ அதுவே நீடிக்கட்டும். மேகம் ஒன்று வந்து போகும்போது விளக்கு துடிக்காமல் இருப்பது இதனால்தான். குளிர்சாதனப் பெட்டியும் குறித்த வெப்பநிலைக்குச் சற்று மேலும் கீழும் போய்த்தான் ஓடி நிற்கிறது. இந்த இரட்டை எல்லை முறையை மின்னணுச் சுற்றில் முதலில் செய்து காட்டியவர் ஓட்டோ ஷ்மிட் என்ற அமெரிக்கர். 1930களில், மாணவராக இருந்தபோது, கணவாயின் நரம்பு எப்படித் துடிப்பை அனுப்புகிறது என்று ஆராய்ந்ததிலிருந்து அவருக்கு அந்த யோசனை பிறந்தது. அடுத்த முறை சம்பல் சோத்தோங் சாப்பிடும்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

திசையைப் பற்றியும் ஒரு சொல். இறக்குமதி செய்த உணரியோடு வரும் தாளில் ‘வடக்கு நோக்கிப் பொருத்தவும்’ என்று இருப்பதுண்டு. வட நாடுகளில் சூரியன் எப்போதும் தெற்குப் பக்கமாகவே போவதால் அங்கே அது பொருந்தும். நமக்கு ஏப்ரல் முதல் செப்டம்பர் நடுப்பகுதிவரை நண்பகல் சூரியன் வடக்கில் இருக்கும், மற்ற மாதங்களில் தெற்கில். இங்கே கவனிக்க வேண்டியது கிழக்கும் மேற்கும்தான். மேற்கைப் பார்த்த உணரி சாய்ந்த வெயிலைக் கடைசிவரை விழுங்கிக்கொண்டு தாமதமாக விளக்கைப் போடும்.

வணிக வளாகத்தில் ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனி உணரி வைப்பதைவிட, கூரையில் ஒன்றை வைத்து அதன் கட்டளையை மின்பெட்டியில் உள்ள காண்டாக்டர் என்ற பெரிய மின்விசைக்குக் கொண்டுபோவது நல்லது. சோடியம் விளக்கைக் கழற்றிவிட்டு எல்இடி மாட்டியவர்கள் பலர் பழைய போட்டோசெல்லை அப்படியே விட்டுவிடுகிறார்கள். எல்இடி கொஞ்சம்தானே மின்சாரம் எடுக்கும் என்று தோன்றும். ஆனால் போட்ட அந்தக் கணத்தில், அதன் மின்சுற்றில் உள்ள மின்தேக்கிகள் நிரம்புவதற்காக வழக்கமானதைப் போலப் பல மடங்கு மின்சாரம் ஒரே இழுப்பில் பாயும். தினமும் அந்த அடியைத் தாங்கும் சிறிய இணைப்பு முனைகள் ஒருநாள் சூட்டில் ஒட்டிக்கொள்ளும். பிறகு உணரி என்ன சொன்னாலும் விளக்கு அணையாது. காண்டாக்டர் அந்த அடியைத் தாங்குவதற்கென்றே செய்யப்பட்டது. இதெல்லாம் உரிமம் பெற்ற வயர்மேனின் வேலை. நீங்கள் கை வைக்கக் கூடாது.

சரியாக வேலை செய்யும் உணரியின் குறை

இப்போது அந்த 12 விளக்குகளிடம் திரும்புவோம். டைமரை எடுத்துவிட்டு உணரியை நல்ல இடத்தில் பொருத்திவிட்டார்கள். பகலில் ஒரு விளக்கும் எரிவதில்லை. நாளுக்கு 2.4 யூனிட் மிச்சம். கடைக்காரருக்கு மகிழ்ச்சி.

ஆனால் கடைகள் இரவு 10 மணிக்கு மூடிவிடுகின்றன. உணரிக்கு அது தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் இருட்டா, வெளிச்சமா என்பதுதான். ஆள் இல்லாத கார் நிறுத்துமிடத்தில் 12 விளக்குகளும் காலை 7 மணிவரை முழு வெளிச்சத்தில் நிற்கின்றன. 9 மணி நேரம், 600 வாட்: 5.4 யூனிட். பகலில் வீணானதைப் போல இரு மடங்குக்கும் அதிகம்! பகலில் எரியும் விளக்கையாவது கண்டால் தவறு என்று புரியும். இரவில் எரிவது இயல்பாகத் தோன்றுவதால் யாரும் கேள்வி கேட்பதில்லை.

அணைத்துவிடலாமா என்றால் கடைக்காரர் மறுப்பார். திருட்டுப் பயம் இருக்கிறது, கண்காணிப்புக் கேமராவுக்கு வெளிச்சம் வேண்டும். அவர் சொல்வதில் நியாயம் உண்டு. இங்கேதான் எல்இடியின் உண்மையான பலம் வருகிறது. பழைய சோடியம் விளக்கு முழு வெளிச்சத்துக்கு வரச் சில நிமிடங்கள் ஆகும். அணைத்தால் ஆறிய பிறகுதான் மறுபடி எரியும். ஆள் வரும்போது மட்டும் எரிய வைப்பது அதனால் முடியாத காரியம். எல்இடி கண்ணிமைக்கும் நேரத்தில் எரியும். வெளிச்சத்தைக் குறைத்தால் மின்சாரமும் ஏறக்குறைய அதே அளவில் குறையும். எனவே ஒளியுணரியோடு டைமரையும் அசைவுணரியையும் சேர்க்கிறார்கள். இருட்டியதும் முழு வெளிச்சம். 10 மணிக்கு மேல் 30 விழுக்காடு. யாராவது வந்தால் உடனே முழு வெளிச்சம், சில நிமிடத்தில் மறுபடி மங்கல். ஒருவரும் வராத இரவில் 5.4 யூனிட் 1.62 ஆகிவிடும். மிச்சம் 3.78 யூனிட்; பகல் விளக்கை அணைத்து மிச்சம் பிடித்ததைவிட அதிகம். சட்டென்று பிரகாசமாகும் விளக்கு, யாரோ வந்திருக்கிறார்கள் என்று காவலருக்கும் காட்டிக்கொடுக்கும்.

பணத்துக்கு அப்பாலும் ஒன்று இருக்கிறது. கோலா சிலாங்கூரில் உள்ள கம்போங் குவாந்தானுக்கு நீங்கள் போயிருக்கலாம். சிலாங்கூர் ஆற்றங்கரையின் பெரெம்பாங் மரங்களில் டெரோப்டிக்ஸ் டெனர் என்ற மின்மினி இனம் வாழ்கிறது. ஆண் மின்மினிகள் கூட்டமாக ஒரே தாளத்தில் மின்னும். சுற்றுலாப் பயணிக்கு அது வேடிக்கை. மின்மினிக்கு அது துணை தேடும் அழைப்பு. கரையில் வலுவான வெளிவிளக்கு ஒன்று எரிந்தால் அந்த அழைப்பு வெளிச்சத்தில் கரைந்துபோகும். பார்க்க முடியாத துணையைத் தேட முடியாது. துணை இல்லையென்றால் அடுத்த தலைமுறையும் இல்லை. திரெங்கானு கடற்கரையில் முட்டையிலிருந்து வெளிவரும் ஆமைக்குஞ்சுகள் வெளிச்சமான அடிவானம் இருக்கும் பக்கமே கடல் என்று நம்பி ஊர்ந்து போகும். விடுதியின் விளக்கு அதைவிடப் பிரகாசமாக இருந்தால் அவை கரைப்பக்கம் திரும்பிவிடும். அண்டை நாடான சிங்கப்பூரின் நிலை வேறு. 2016இல் வெளியான இரவுவான ஒளி வரைபடம் உலகிலேயே மிக அதிக ஒளி மாசு உள்ள நாடாக அதைக் காட்டியது. அங்கே மனிதக் கண் முழு இருட்டுப் பார்வைக்கு மாறவே முடியாத அளவுக்கு வானம் வெளுத்திருக்கிறது.

இத்தகைய இடங்களில் உணரி மட்டும் பொருத்தினால் போதாது. விளக்கின் முகத்தைக் கீழ்நோக்கித் திருப்பி மேலே மூடி போட வேண்டும். வெள்ளை நீலத்துக்குப் பதில் மஞ்சள் சாயல் உள்ள விளக்கு வேண்டும். தேவையில்லாத நேரத்தில் மங்கல் வேண்டும். ஆற்றங்கரையில் எந்த விளக்குமே வேண்டாம் என்பதுதான் சில இடங்களில் சரியான பதில். அதை எந்தக் கருவியும் முடிவு செய்யாது.

இந்த வாரம் நீங்களே அளந்து பார்க்கலாம். லக்ஸ் காட்டும் இலவசச் செயலி ஒன்றைக் கைப்பேசியில் இறக்கிக்கொண்டு, பெரியவர் ஒருவரோடு கடைவரிசைக்குப் போங்கள். மாலை 6.50 முதல் 7.50 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஒரே திசையில் கைப்பேசியைப் பிடித்துத் திறந்தவெளியில் ஓர் அளவும் அஞ்சடிக்குள் ஓர் அளவும் எடுங்கள். கைப்பேசி உணரி துல்லியமானதல்ல. ஆனாலும் இறங்கும் போக்கைச் சரியாகக் காட்டும். எந்தக் கடையின் விளக்கு எப்போது எரிந்தது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே நிமிடத்தில் எரிபவை, திறந்தவெளியில் எத்தனை லக்ஸ் இருந்தாலும் தினமும் அதே நிமிடத்தில் எரிகின்றனவா என்பதை மழை பெய்யும் ஒரு மாலையிலும் போய்ப் பாருங்கள். அப்படியானால் அது டைமர். முன்னதாகவே எரிந்தால் அது உணரி. 7.50 ஆகியும் எரியாத விளக்கு ஒன்று இருந்தால், அதன் உணரி எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று எதிர்ப்பக்கம் திரும்பிப் பாருங்கள்.